பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பாலத்தில் வண்டிகள் ஒன்றன் பின்னால் ஒன்று முட்டிக்கொள்வதைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய கார்களில் பின்விளக்கு ஒழுங்காக எரிவதில்லை, அவற்றைப் பாலத்தில் ஏறவே விடக்கூடாது என்று முடித்திருந்தார். அவருடைய பயம் நியாயமானது. ஒரு சாயங்காலம் அப்படியொரு பயத்துக்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். ஆனால் அவர் குற்றம் சாட்டுவது வண்டியின் வயதை. விளக்கைக் கெடுப்பது நம் கரையின் உப்பு. அதைத் தேடிப் பிடிக்காமல் பல்பை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் அதற்குத் துணை நிற்கிறது. நான் பட்டதை எழுதுகிறேன். வெளியிட்டால் நாலு பேருக்கு உதவும்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னிடம் இருப்பது 1984ஆம் வருடத்து அம்பாசிடர், மார்க் 4, டீசல். என் அப்பா மண்டபம் ரயில் நிலையத்து ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டிய வண்டி. அந்தக் காலத்தில் கடலுக்கு மேலே ரோடு கிடையாது. மண்டபத்தோடு கார் நின்றுவிடும், அதற்கு அப்பால் ரயில்தான். 1988இல் பாலம் திறந்த பிறகுதான் அப்பா ராமேஸ்வரம் சவாரி எடுக்க ஆரம்பித்தார். அவர் காலமான பிறகு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றி நானே ஓட்டுகிறேன். உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் என்று வாரத்தில் மூன்று நாளாவது ரோட்டில் இருக்கும்.

போன ஆவணியில் ராமேஸ்வரம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தேன். கச்சான் காற்று கதவைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. பாம்பனிலிருந்து மண்டபம் நோக்கி வரும்போது அந்த நேரத்தில் எதிர்வெயில் கண்ணைக் குத்தும். புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து அதைப் பார்க்க, படம் பிடிக்க, வெளியூர் வண்டிகள் பாலத்து நடுவிலேயே நின்றுவிடுகின்றன. அன்றும் எனக்கு முன்னால் ஒரு கார் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன். எனக்குப் பின்னால் வந்த டூரிஸ்ட் வேன் நிற்காமல் வலது பக்கம் ஏறி வந்தது. எதிரே பேருந்து. வேன்காரர் எப்படியோ ஒடித்து, என் வண்டிக்கும் பேருந்துக்கும் நடுவில் நுழைந்து தப்பினார். பாலம் முடிந்ததும் ஓரம் கட்டி இறங்கி வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் அவர் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை.

"அக்கா, நீங்க பிரேக் போட்டப்ப எனக்குச் சிவப்பே தெரியல. இடது பக்கம் இண்டிகேட்டர் மாதிரி ஏதோ மினுங்குச்சு. நீங்க ஓரங்கட்டுறீங்க, நமக்கு வழி விடுறீங்கன்னு நெனச்சுத்தான் ஏறுனேன்."

பிரேக் போட்டால் இண்டிகேட்டர் எரிகிறது என்றால் அது வெறும் விளக்குக் கோளாறு இல்லை. நான் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டிய வண்டி, நீ முந்திப் போ என்று சொல்லியிருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு பட்டறைக்குப் போனேன். இடது பல்பை மாற்றினார்கள், எரிந்தது, காசு வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் நாளே பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த பட்டறையில் இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கிற ஃபிளாஷரை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில், நாற்பது வருட வண்டி, உள்ளே வயரெல்லாம் செத்துப்போச்சு, மொத்த வயரிங்கையும் உருவிப் புதுசு போடணும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். வேலை தெரியாதவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் அவை. ஆனால் விளக்குக்காக அரை மணி நேரம் குனிந்து பார்க்க யாரும் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். அதில் அவர் செய்து வைத்த டெஸ்ட் லேம்ப் இருந்தது. ஒரு பழைய ஹோல்டர், அதில் 12 வோல்ட் 21 வாட் பல்பு, இரண்டு நீள வயர், முனையில் முதலைக் கிளிப். கூடவே சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுக்கிற அளவுக்கு வெட்டிய ஒரு பனைமட்டைத் துண்டு. தனி ஆளாகப் பிரேக் லைட்டைப் பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த ஏற்பாடு அது. சவாரி இல்லாத நாளில் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து, வெள்ளையடித்த சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தி, பெடலில் மட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் பார்ப்பார். சுவரில் இரண்டு சிவப்புப் பொட்டும் ஒரே அளவில் விழ வேண்டும். ஒன்று மங்கலாக இருந்தால் அன்றே டிக்கியைத் திறந்துவிடுவார்.

அதையே நானும் செய்தேன். சாவியைப் போட்டு, மட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தால் வலது பக்கம் சிவப்பு மங்கல், இடது பக்கம் அதைவிட மங்கல். இடது இண்டிகேட்டர் கண்ணாடிக்குள் பூனைக்கண் மாதிரி ஒரு வெளிச்சம். முன்னால் போய்ப் பார்த்தேன். முன்பக்க இடது இண்டிகேட்டரும் லேசாக எரிந்துகொண்டிருந்தது. பிரேக்குக்கும் முன் விளக்குக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழியில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு கூட்டுக்குள் மூன்று இழைகள் இருக்கின்றன. பிரேக்குக்கு ஒன்று, ராத்திரியில் எரிகிற பார்க் விளக்குக்கு ஒன்று, இண்டிகேட்டருக்கு ஒன்று. மூன்றுக்கும் கரண்ட் தனித்தனி வயரில் வருகிறது. ஆனால் வேலை முடிந்து பேட்டரிக்குத் திரும்புகிற வழி ஒன்றுதான், வண்டியின் தகரம். அந்த வழியில் துரு ஏறிவிட்டால் வந்த கரண்ட் சும்மா இருக்காது. கலுங்கு அடைபட்ட கண்மாயில் தண்ணீர் என்ன செய்யும்? கிடைத்த மடையில் புகுந்து பக்கத்து வயலுக்குப் பாயும். அதே மாதிரி பிரேக் கரண்ட் இண்டிகேட்டர் இழைக்குள் தலைகீழாக ஏறி, அந்த வயர் வழியே முன்பக்கம் வரை ஓடி, அங்கே நல்ல எர்த்தைப் பிடித்துக் கீழே இறங்குகிறது. போகிற வழியில் இருக்கிற பல்பெல்லாம் அரைகுறையாக எரிகிறது. பார்க் விளக்கு இழை வழியாகவும் இதே கதைதான். இண்டிகேட்டர் போடும்போது பிரேக் லைட்டும் சேர்ந்து துடித்தால், பிரேக்கைத் தொட்டதும் இண்டிகேட்டர் சோர்ந்துபோனால், அதுவும் பெரும்பாலும் இதே வியாதி.

உறுதிசெய்ய ஒரு துண்டு வயர் போதும். ஒரு முனையை விளக்கின் உலோகக் கூட்டில் வைத்து, மறு முனையைச் சுரண்டிய வெறும் தகரத்தில் அழுத்தினேன். இடது பொட்டு சுவரில் பளிச்சென்று விழுந்தது. இண்டிகேட்டர் மினுக்கம் நின்றது. பதினெட்டாயிரம் ரூபாய் வயரிங்குக்கு அன்றோடு முழுக்குப் போட்டேன்.

டிக்கிக்குள் விளக்குக் கூட்டின் பின்னால் எர்த் ஸ்க்ரூ இருந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூவின் தலை தெரியவில்லை, பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. அதைச் சுற்றித் தகரம் செதில் செதிலாகப் பொங்கி, நடுவில் வெள்ளை வெள்ளையாக உப்பு. கறுப்பு வயரை ஸ்க்ரூவில் மாட்டுவதற்காக அதன் நுனியிலிருந்த லக் என்கிற உலோக வளையத்தை விரலால் தொட்டேன், உதிர்ந்து கையோடு வந்தது. வயரின் தோலைச் சீவினால் செம்பு கறுத்துக் கிடந்தது. நாலு விரல் நீளத்துக்கு வெட்டித் தள்ளிய பிறகுதான் செம்பின் நிறமே தெரிந்தது. டிக்கி ரப்பர் எப்போதோ விட்டுப்போய், ஈரம் அதன் வழியாக அங்கே இறங்கி நின்றிருக்கிறது.

சரிசெய்ய ஆன செலவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உப்புத்தாள் ஒன்று, புது லக், பல் வைத்த வாஷர், புது ஸ்க்ரூ, இரண்டு கஜம் கறுப்பு வயர், கொஞ்சம் வாசலின். தகரத்தை வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து ஸ்க்ரூவை முடுக்கினேன். முடுக்கிய பிறகுதான் வாசலின் தடவ வேண்டும். கூடுதலாக இரண்டு பக்கத்து விளக்குக் கூட்டிலிருந்தும் தனி வயர் இழுத்துச் சேசிஸில் கட்டிவிட்டேன். கடற்கரையில் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தத் தனி எர்த் வயரை நான் கெஞ்சிக் கேட்டுச் சொல்வேன்.

வலது பக்கத்து மங்கலுக்குக் காரணம் வேறு. அந்தப் பல்பைக் கழற்றி அடிப்பக்கத்து எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். 24 வோல்ட். லாரிக்கும் பேருந்துக்கும் போடுகிற பல்பு. இதற்கு ஒரு மாதம் முன்பு ரோட்டோரக் கடையில் அவசரத்துக்கு மாற்றியது, உருவத்தில் ஒரே மாதிரி இருப்பதால் மாறிவிட்டது. 12 வோல்ட் வண்டியில் அது கால்வாசி வெளிச்சம்கூடத் தராது. ஆக, இடது பக்கம் எர்த் இல்லை, வலது பக்கம் தப்பான பல்பு. எதிர்வெயிலில் வந்த வேன்காரருக்குச் சிவப்பு தெரியாததில் ஆச்சரியமே இல்லை. பல்பு வாங்கும்போது 12 வோல்ட் 21/5 வாட் என்று எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே படித்துவிடுங்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனாலும் இந்தப் பல்புக்குத் தட்டுப்பாடு இல்லை.

இது பிரேக்குக்கு 21 வாட், பார்க் விளக்குக்கு 5 வாட் என்று இரண்டு இழை உள்ள டபுள் காண்டாக்ட் பல்பு. அதன் அடிப்பக்கத்தில் நீட்டியிருக்கிற இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. தப்பாக மாட்டக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஹோல்டர் தேய்ந்த வண்டியில் அழுத்தித் திருகினால் தலைகீழாகவும் உட்கார்ந்துவிடும். அப்போது ராத்திரியில் பார்க் விளக்கு பிரேக் லைட் மாதிரி ஓயாமல் எரியும், பிரேக் போட்டால் ஒரு மாற்றமும் தெரியாது.

மீட்டரை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. என் அக்காள் மகன் டிஜிட்டல் மீட்டர் கொண்டுவந்து ஹோல்டரில் வைத்தான். "12 வோல்ட் வருது சித்தி, லைன் நல்லாருக்கு" என்றான். அதே இடத்தில் அப்பாவின் டெஸ்ட் லேம்பைக் கொடுத்தேன், மின்மினி மாதிரி எரிந்தது. மீட்டர் கரண்டே இழுக்காது, அதனால் ஒரே ஒரு இழையில் தொங்குகிற வயரும் அதற்கு நல்ல வயர்தான். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். கேட்கும்போதுதான் வயரின் வண்டவாளம் வெளியே வரும். படுக்கையில் கிடக்கிற நோயாளியின் உடம்பும் மாடிப்படியில் ஏறுகிற நோயாளியின் உடம்பும் ஒன்றில்லையே, அந்த மாதிரி.

இரண்டு பிரேக் லைட்டும் ஒரே நேரத்தில் செத்தால் எர்த்தைத் தேட வேண்டாம், பிரேக் சுவிட்சைப் பாருங்கள். என் வண்டியில் அது பெடலில் இல்லை, பிரேக் ஆயில் போகிற லைனில் முறுக்கியிருக்கிறது. ஆயிலின் அழுத்தம்தான் அதை இயக்குகிறது. பழசானால் பெடலை ஓங்கி மிதித்தால்தான் எரியும், மெல்ல வேகம் குறைக்கும்போது எரியாது. இதுதான் ஆபத்து, ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அதன் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வைத்து, சாவியைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான் போயிருக்கிறது. வயர் மாட்டுகிற இடத்தில் ஆயில் கசிவு இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சுவிட்சை மாற்றினால் லைனில் காற்று ஏறும், கட்டாயம் பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும். விளக்குக்காகப் போய் பிரேக்கையே இழந்துவிடக் கூடாது. இந்த ஒரு வேலையை மட்டும் நானே செய்வதில்லை, மெக்கானிக்கிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

பிரேக் லைட், இண்டிகேட்டர், டீசல் முள் மூன்றும் சேர்ந்து செத்தால் ஃபியூஸ். என் வண்டியில் மூன்றுக்கும் ஒரே ஃபியூஸ்தான். அதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தாள் எரியாது, வயர் எரியும்.

இண்டிகேட்டர் துடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 அதை நிமிடத்துக்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மேற்படாமலும் இருக்கச் சொல்கிறது. முப்பது வருடம் நாடி பிடித்து எண்ணிய கை எனக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணினால் போதும். என் வண்டியில் இன்று 42, அதாவது நிமிடத்துக்கு 84. ஒரு பக்கம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக அடித்தாலோ, அடிக்காமல் எரிந்தபடியே நின்றாலோ அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறதா, காண்டாக்ட் விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபிளாஷர் மேல் பழி போடுவது அப்புறம். பழைய ஃபிளாஷர் உள்ளே சூடேறி ஆறித்தான் துடிக்கிறது. இரண்டு 21 வாட் பல்பு இழுக்கிற கரண்டை நம்பி அதைச் செய்திருக்கிறார்கள். அக்காள் மகன் ஆசைப்பட்டு எல்இடி பல்பு வாங்கி மாட்டியதும் அது துடிக்கவே மறுத்துவிட்டது. எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கென்று இருக்கும் எலக்ட்ரானிக் ஃபிளாஷரையும் சேர்த்துப் போட வேண்டும். பழைய பல்பே போதும், உள்ளே இருக்கும் வெள்ளைப் பூச்சும் கண்ணாடியும் சுத்தமாக இருந்தால் வெளிச்சம் தாராளமாக வரும் என்பது என் எண்ணம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. என் வண்டியில் பிரேக்கை மட்டும் தனியாகப் பார்த்த நாட்களில் ஏதோ எரிந்தது. இண்டிகேட்டரை மட்டும் பார்த்தபோதும் எரிந்தது. பார்க் விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டபோதுதான் எர்த்தின் லட்சணம் தெரிந்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காட்டிப் பதிவைப் புதுப்பிக்கிறோம். அங்கே ஒவ்வொன்றாகப் போடு, அணை என்று பார்த்துவிட்டு விடுகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் போடச் சொல்லி இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை பார்த்தால் இரண்டு நிமிடம் ஆகும். பார்க்கிற அதிகாரிகள் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். பழைய கார்களுக்கு மட்டுமில்லை. மீன் ஏற்றிப் போகிற வண்டிகளிலிருந்து உப்புத் தண்ணீர் ரோடு முழுக்கச் சொட்டிக்கொண்டே போகிறது. அது தெறித்து ஆட்டோ, சரக்கு வேன், டிராக்டர் டிரெய்லர் எல்லாவற்றின் பின்விளக்கிலும் ஏறுகிறது. ஐந்து வருட வண்டியிலேயே இந்தக் களிம்பை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டி வைத்திருப்பவர்கள் வாடைக் காற்று தொடங்குவதற்குள் பின்விளக்கைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்று ராத்திரியே அடிப்பக்கத்திலும் பின்விளக்கைச் சுற்றியும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊர்க்காரிதான் நானும், தெரிந்துதான் சொல்கிறேன். தை அமாவாசைக் கூட்டத்தில் பாலத்தின் மேல் வண்டிக்கு வண்டி ஒரு கை இடைவெளிகூட இருக்காது.

உச்சிப்புளி, மண்டபம் பக்கத்தில் யாராவது தங்கள் பழைய வண்டியைக் கொண்டுவந்தால் டெஸ்ட் லேம்பும் பனைமட்டையும் என் வீட்டில் இருக்கின்றன. வெள்ளைச் சுவரும் இருக்கிறது. இதுவரை ஒரு பத்மினியும் இரண்டு அம்பாசிடரும் வந்து போயிருக்கின்றன. மூன்றிலும் கோளாறு எர்த்தில்தான்.

சென்ற வாரம் எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பாலத்தில் என் வண்டிக்குப் பின்னால் வர நேர்ந்து, இரண்டு சிவப்பில் ஒன்று மங்கலாகத் தெரிந்தால் இரண்டு ஹாரன் அடியுங்கள். பாலம் இறங்கியதும் ஓரம் கட்டி, நீங்கள் இருக்கும்போதே டிக்கியைத் திறந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.